சிப்பிக்குள் பிள்ளையார்

அப்பா, அம்மா, தங்கை, நான் ஆகிய நால்வரும் போயிருந்தோம். யோசனை சொன்ன மாமா மட்டும் வரவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் முக்கியம். அப்பாவின் ஓய்வுப் பணத்தை முத்து வளர்ப்பில் போடலாமா என்று பார்க்க, எங்கள் வீடிருக்கும் ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம்.

பண்ணை என்றது பாசி பிடித்த இரண்டு சிமெண்டுத் தொட்டிகளைத்தான். அந்த அழுக்குத் தண்ணீரைச் சுற்றிக் காட்ட ஒருவன் டை கட்டியிருந்தான்.

அவன் ஒரு சிப்பியைப் பிளந்தான். ஓட்டின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு பிள்ளையார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, அது அச்சு. இவங்களே உள்ள வெச்சிடுவாங்க. அதுமேல முத்து படியும், அவ்வளவுதான்" என்றேன்.

"நாலு எழுத்து படிச்சதும் சாமிக்கே பாடம் எடுக்கிறியாடா?" என்றாள் அம்மா.

டைக்காரன், தமிழ் புரிந்தவன்போல, எங்களுக்கு நல்ல யோகம் என்று இந்தியில் புகழ்ந்தான்.

"சாமி வந்த இடத்துல பேரம் பேசக்கூடாது" என்று அப்பா அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் தொட்டிகள் காலி, டைக்காரனைக் காணவில்லை. அன்று இலவசமென்று கொடுத்த பிள்ளையார் மட்டும் பூஜை அலமாரியில் இருக்கிறார். மாமா வந்தால் அவரும் கும்பிடுவார். எங்களுக்கு அந்தப் பிள்ளையாரின் விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.