ஹால் டிக்கெட் போன படகு

எழுபதுகளின் தொடக்கம். அந்தமானில், ரங்கத் என்ற ஊரில் ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வெட்டிய மரங்களை எண்ணி எழுதுவதுதான் வேலை. பி.காம். முடித்தால் போர்ட் பிளேரில் கணக்கர் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் ஆயுசு முழுக்க மரம்தான்.

மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. அப்பா, "இருக்கிற வேலையை விட்டுட்டு மெயின்லேண்டுக்கு எதுக்குடா? தபால்ல படி. அதே பட்டம்தானே குடுக்கிறான்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கப்பலில் நாலு நாள் வாந்தி எடுக்காமல் வீட்டிலிருந்தே பட்டம் வாங்குவது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்த மடையன் நான்.

பாடங்கள் கப்பலில்தான் வரும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஒன்றும் வராது; பிறகு நாலு கட்டு நனைந்து ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும். சந்தேகம் கேட்க ஊரில் ஆள் கிடையாது. எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசி வருடம் வரை வந்துவிட்டேன். முந்தைய பரீட்சைகளைப் போர்ட் பிளேரிலேயே எழுதினேன்; கடைசி வருடப் பரீட்சை மட்டும் மெட்ராஸில்.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலமே படகில் போர்ட் பிளேர் போய்விட்டேன். ஹால் டிக்கெட் இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாத் தபாலும் இங்கேதானே வந்து இறங்குகிறது, நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று என் கணக்கு. மறுநாள் காலை ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரங்கத் படகில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று நழுவியது. நானே பிடித்து ஏற்றிவிட்டேன்.

பத்து மணிக்குத் தபால் ஆபீஸில் விசாரித்தேன். அங்கிருந்தவர் இந்தி கலந்து பேசும் தமிழர்தான். "ரங்கத் டாக் மூட்டை எல்லாம் காலை போட்லயே போயிடுச்சே பாய் சாப். மெட்ராஸ் கப்பல் பிடிக்கிறவங்க எல்லாரும் இங்கே தெரிஞ்சவங்க அட்ரஸ்தானே குடுப்பாங்க? நீங்க ஏன் குடுக்கல?" என்றார்.

படகு போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கப்பல் இரண்டு மணிக்கு. ஹால் டிக்கெட் இல்லாமல் போனால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள் என்று பயந்து, பெட்டியும் கையுமாகக் கப்பல் துறையில் நின்றேன். சங்கு ஊதியது. கப்பல் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

நாலைந்து மாதம் கழித்து எங்கள் ஆபீஸுக்கு ஒருவர் வேலைக்கு வந்தார். மெட்ராஸில் கல்லூரியில் படித்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நேர்ல போய் எழுதிக் குடுத்திருந்தா அங்கேயே வேற டிக்கெட் குடுத்திருப்பாங்களே சார். எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர் அப்படித்தான் எழுதினாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

யார் சொல்வது? அதற்குப் பிறகு நான் புத்தகத்தைத் தொடவில்லை. மனசு விட்டுப்போயிற்று. மரம் எண்ணியே வயதாகிவிட்டது.

இப்போது பேத்தி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பி.பி.ஏ. படிக்கட்டுமா, கல்லூரிக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள். பாடம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். ஆனால் "பயப்படாம போய்க் கேளுடா" என்று சொல்லப் பக்கத்து பெஞ்சில் ஒருவன் இல்லாமல்தான் என் ஆயுசு இப்படிப் போயிற்று என்பதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.