ஐந்து சுவர்ப் பெட்டி

காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். சண்டை எதுவும் இல்லை, ஒருநாள் கிளம்பிவிட்டேன். அடுத்து பல்லாவரத்தில் பெயின்ட் வேலை. அதன்பின் சேலையூரில் ஒரு அக்காவிடம் அட்டைப்பெட்டி ஒட்டச் சேர்ந்தேன். வேலை நடக்கும் அறையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றதுதான் காரணம். பாய் அவளுடையது, பை என்னுடையது. பையை எப்போதும் கட்டியே வைத்திருப்பேன்.

அக்கா செய்வது கல்யாண வரவேற்பில் லட்டு வைத்துக் கொடுக்கும் ஆறு பக்கப் பெட்டி. நீள அட்டையில் ஆறு சம சுவர்களுக்கு மடிப்புக் கோடு போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினால் ஒரு கூண்டு கிடைக்கும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து அமுக்கினால் பக்கத்துக்கு மூன்று சுவராகப் படுத்துவிடும். படுத்தவற்றைக் கட்டாகக் கட்டி, அக்காவின் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே நிமிர்த்தி அடி அட்டையைச் செருகினால் வேலை முடிந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இந்த வடிவத்துக்குப் பட்டகம் என்று பெயர் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

முடிச்சூர் சாலையில் ஒரு மண்டபத்திலிருந்து முதல்முறையாக ஆர்டர் வந்தது. சரியாகப் போனால் அங்கே நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் அக்காவுக்கே தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமாம். அதனால் பெட்டிக்கும் ஐந்து பக்கம் கேட்டார்கள்.

"ஒரு செவுரு கம்மி. நமக்கு இன்னும் ஈசி" என்றாள் அக்கா.

வரவேற்பன்று காலை அவள் ஒட்டி ஒட்டித் தள்ளினாள். மத்தியானம் நான் கட்டுக் கட்ட உட்கார்ந்தேன். முதல் கூண்டு படுக்கவில்லை. திருப்பி அமுக்கினேன். ஒரு சுவர் நடுவில் நசுங்கியது. இன்னொன்றும் அப்படியே.

"இன்னாடா, பொட்டிய அமுக்கிக் கொல்லுற?"

"படுக்க மாட்டேங்குதுக்கா."

"ஆறு படுத்துச்சே. அஞ்சுக்கு இன்னா வந்துச்சாம்?"

அவளும் ஒன்றை நசுக்கினாள். பிறகு இருவரும் ஒரு கூண்டை மேலிருந்து பார்த்தோம். ஒரு மூலைக்கு நேரெதிரே மூலை இல்லை. சுவரின் நடுதான் இருந்தது. எந்த இரண்டு மூலையைப் பிடித்தாலும் இந்தப் பக்கம் இரண்டு சுவர் என்றால் அந்தப் பக்கம் மூன்று.

நிமிர்ந்தபடியே ஏற்றிப்போக லோடு ஆட்டோ தேடி ஓடினேன். முகூர்த்த நாள். ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. திரும்பி வந்ததும் என் பைதான் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்திருக்கலாம். முன்பிருந்த இடங்களிலிருந்து அப்படித்தான் போனேன். அக்கா இன்னும் ஒட்டாத அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒட்னாத்தான படுக்காது? அங்க போயி ஒட்டிக்கலாம். பசை டப்பாவ எடு."

ஒட்டிய கூண்டுகளைப் பெட்ஷீட்டில் மூட்டை கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பாலத்தின் மேல் காற்று மூட்டையோடு என்னையும் சேர்த்து இழுத்தது.

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி மேசையைப் பிடித்துக்கொண்டோம். அவள் ஒட்ட, நான் அடி செருகி, லட்டு வைப்பவரிடம் நகர்த்தினேன். மேனேஜர் வந்து நின்றார்.

"இன்னாம்மா, இங்கயே கடை போட்டுட்டீங்களா?"

"சூடா ஒட்டித் தரோம் சார்" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முதல் பந்தி எழுந்து கை கழுவி வருவதற்குள் வாசல் மேசையில் பெட்டிகள் நின்றன. கிளம்பும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த கல்யாணத்துக்கும் நீங்கதான். ஆறாவே போட்டுடுங்கம்மா."

வெளியே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அக்கா கேட்டாள்: "நீ இருப்பியா, கெளம்பிடுவியா? உன் பைய நானும் பாத்துகினுதான் கீறேன்."

"அடுத்த ஆர்டர முடிச்சுட்டுச் சொல்றேன்க்கா."

பெட்ஷீட்டை உதறி மடித்தேன். அது நாலாகவும் எட்டாகவும் சுலபமாக மடிந்தது. அடுத்த கல்யாணத்துக்கு ஆறு பக்கப் பெட்டிகளைக் கட்டி ஏற்றும்வரை அங்கேதான் இருந்தேன். அதன்பின் ஸ்ரீபெரும்புதூர்.