என் மனைவியின் நெஞ்சும் நான் விடுத்த நற்செய்தியும்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவன் நான். என் வாழ்வின் மிகப் பெரிய பிழையை, ஓய்வு பெற்றபின், என் கைப்பேசியிலேயே எழுதினேன்.

சென்ற ஆண்டு, கோலசிலாங்கூர்ச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த என் மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். மருத்துவமனையில் குருதியைச் சோதித்து, மாரடைப்பே என்றனர். மறுநாள் கைவழியே மெல்லிய குழாய் செலுத்திப் படம் எடுத்தனர். மருத்துவர் வெளியே வந்தார்.

"ரத்தக் குழாய்ல எங்கயும் அடைப்பு இல்ல ஐயா. ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பின் வந்தவை என் செவியில் விழவில்லை. குடும்பத்தார் எல்லாரும் உள்ள, பிறர் வாட்ஸ்அப் என்னும் புலனக் குழுவில் என் விரல்கள் அதற்குள் செய்தி யாத்துக்கொண்டிருந்தன: "இறையருளால் குருதிக்குழாய்களில் யாதோர் அடைப்பும் இல்லை. உற்றார் கவலை ஒழிக." வீடு திரும்பும் நாளிலும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் இருவரும் நன்றாகத் தலையாட்டினோம்.

"நெஞ்சுல நின்னது வெறும் காத்து லா" என்று குரற்பதிவு அனுப்பினார் மச்சான். என் மனைவியின் அண்ணனான அவர் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் உடையவராதலால், எங்கள் குடும்பத்தின் இதய நோய்களுக்கெல்லாம் அவரே மேலதிகாரி. அடைப்பே இல்லாத ஒருத்தி மாரடைப்புக்கு உரிமை கொண்டாடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

படம் எடுக்குமுன் என் மனைவி மாரியம்மனிடம் வேண்டியிருந்தாள்: அடைப்பில்லையென்றால் பால்குடம். சில வாரங்களில் அதைச் செலுத்தினாள். அன்று மாலையே மாத்திரைப் பையை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"பால்குடம் எடுத்த பெறகும் மாத்திர போட்டா, அம்மாவ நம்பலேன்னு ஆயிடாது?"

"மருத்துவர் உண்ணச் சொன்னாரே!"

"அடைப்பு இல்லன்னு நீங்கதானே எழுதுனீங்க? யாதோர்னு வேற போட்டிருந்தீங்க."

மறுநாள் அச்சத்தோடு மருத்துவரிடம் தனியே சென்று, அந்த "ஆனா"வின் மறுபாதியைக் கேட்டேன். பெருங்குழாய்கள் திறந்திருந்தும் மாரடைப்பு வருமாம். குழாய் சற்று நேரம் இறுகிச் சுருங்கலாம். சிறு குருதிக்கட்டி தோன்றிக் கரைந்துவிடலாம். படத்தில் தெரியாத நுண்குழாய்கள் பழுதாகலாம். அவளுக்குக் குழாய் இறுகியிருக்கும் என்பது மருத்துவரின் ஐயம். இன்னொரு படம் எடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் மீண்டும் வரக்கூடும்.

இவற்றை வீட்டில் செந்தமிழில் விரித்துரைத்தேன். மனைவி கொட்டாவி விட்டாள். அவளைப் பார்க்க வந்திருந்த மச்சான்தான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"மாப்ள, இது நம்ம நர்சரி கததான்! செம்பனக் கன்னுக்குத் தண்ணி போற வால்வு ஒரு தடவ சிக்கிக்கிச்சி. ரெண்டு நாளு நல்ல வெயிலு. அப்பறம் அதுவே விட்டுக்கிச்சி. மேனேஜர் வந்து பாக்கறப்ப தண்ணி ஜோரா ஓடுது. 'எங்கடா அடைப்பு? மண்டோர் பொய் சொல்றான்'னுட்டாரு. காஞ்சி போன கன்னு பொய்யா?"

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் காஞ்சிருக்குமா அண்ணே?"

"கொஞ்சம் வாடியிருக்கும் தங்கச்சி. அம்மா தண்ணியத் தொறந்து விட்டுட்டா. திரும்ப சிக்காம பாத்துக்கறது நம்ம வேல லா."

"காத்துன்னு சொன்னது யாரு?"

"மாப்ள எழுதுனதப் படிச்சிட்டுத்தான் சொன்னேன்!"

இருவரும் என்னை நோக்கினர். அவள் எழுந்து சென்று அரிசி டின்னை நகர்த்தினாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, என் கைப்பேசியை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

"நான் சொல்றத எழுதுங்க. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

எழுதினேன்: "எனக்கு வந்தது ஹார்ட் அட்டாக்தான். பிளாக் இல்லாமயும் வரும். மாத்திர போடறேன். இன்னொரு ஸ்கேன் இருக்கு. யாரும் காத்துன்னு சொல்லாதீங்க."

திருத்தக் கை துடித்தது. அவள் தோளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே அனுப்பினேன்.