ஆர்டித்திடம் கேட்காதவர்கள்

லான்சிங் நகருக்கு வெளியே, ராஸ்கோவின் பழைய கார் காயலாங்கடையில் நான் இழுவை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் ஆர்டித் வெல்ட்கேம்ப். பதினேழு வருஷமாக அங்கேதான். ஓல்ட்ஸ்மொபைல் கார் இன்ஜின் எது வந்தாலும் தானே பிரித்து அளந்து பார்ப்பாள். எந்த உறுப்பு எதற்குச் சேரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

1988 ஏப்ரலில் லாய்ட் ஃபென்ஸ்கே என்ற தச்சர் வந்தார். அவருடைய ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் காரில் இருப்பது சின்ன 350 இன்ஜின். அவர் கண் வைத்ததோ பெரிய 455 இன்ஜினிலிருந்து கழற்றிய இன்டேக் மேனிஃபோல்டு மேல்; இன்ஜினின் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே உட்கார்ந்து காற்றையும் பெட்ரோலையும் உள்ளே அனுப்பும் உறுப்பு அது.

"இது உங்களுக்குச் சேராதுங்க. அந்த 455 பிளாக் உங்களோடதைவிட ஒரு இஞ்சுக்கு மேல உயரம். ரெண்டு ஹெட்டுக்கும் நடுவுல இடைவெளி அதிகம். உங்க இன்ஜின்ல இது உக்காரவே உக்காராது."

"ரெண்டும் ஒரே கம்பெனிதானேம்மா? பெருசுலேருந்து வாட்டர் பம்ப் எடுத்துப் போட்டேன், கச்சிதமா இருந்துச்சே!"

"வாட்டர் பம்ப் சேரும். டிஸ்ட்ரிபியூட்டர் சேரும். ஹெட்டைக்கூட முடுக்கிடலாம். இதுதான் சேராது."

"ராஸ்கோ இல்லையா?"

ராஸ்கோ வாயில் சாண்ட்விச்சோடு வந்தார். அவருக்கு வாக்குவாதம் என்றாலே ஆகாது. "ஓல்ட்ஸ்தானே? சேரும், சேரும். எடுத்துட்டுப் போங்க."

அடுத்த சனிக்கிழமை அந்த மேனிஃபோல்டு கவுண்டரில் தொப்பென்று வந்து விழுந்தது. "யாரு இதை என் தலையில கட்டினது?" என்று லாய்ட் கத்தியது ஆர்டித்தைப் பார்த்து. ராஸ்கோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "350-க்கு எது சேரும், ஆர்டித்?" என்றார். அவள் சொன்னாள். அதையே அவர் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே, ராஸ்கோ!" லாய்ட் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆர்டித் வெளியே வந்து என் வண்டியின் டயரை ஓங்கி உதைத்தாள். "நான் சொன்னா உளறல். அதையே அந்தாளு சொன்னா வேதவாக்கு. பதினேழு வருஷம்டா!"

திங்கட்கிழமையிலிருந்து ராஸ்கோ எதைக் கேட்டாலும் ஆர்டித்திடம் ஒரே பதில்தான்: "நீங்கதானே சொல்லணும்." அவரும் வந்தவர்களுக்குத் தானே ஏதோ சொன்னார். மூன்று பேர் தப்பான சாமானோடு திரும்பி வந்தார்கள். வியாழக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, ராஸ்கோ வெடித்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதுய்யா! இத்தனை நாளும் அவகிட்டக் கேட்டுத்தான் சொன்னேன். அவகிட்டயே கேளுங்க!"

முன்னால் நின்றவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்கு அடியில் மாட்டும் ஆயில் பேன் ஒன்றைப் பற்றி ஆர்டித்திடம் கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். அவரும் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானா, தம்பி?"

வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அப்படி எத்தனை முறை ஆட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த முறை ஆட்டவில்லை.

ஆர்டித் கண்ணை மூடித் திறந்தாள். "அடுத்து யாரு?" என்றாள்.