கொக்கியில் தொங்கிய கல்யாணப் பை

"...ஊரு பூரா என்னை ஊர்கோலம் வுட்டுட்டியேம்மா! போவாத கல்யாணத்துக்கு எங்கையில தாம்பூலப் பையக் குடுத்து அனுப்பிக்கீறியே, இது அடுக்குமா?" என்று கேட்டபடியே படியேறி வந்த மாமா, பையைக் கல்லாப் பெட்டியின் மேல் பொத்தென்று வைத்தார். உள்ளே துவரம்பருப்பும் கல்லுப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

மாமா என்பது கூப்பிடும் முறைதான், சொந்தமில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் என் மாமனார் இந்த மளிகைக் கடையைப் போட்ட நாளிலிருந்து எங்களிடமே வாங்குகிறவர். ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அன்றைக்கு மூக்கோடு காதும் சிவந்திருந்தது. அதற்குக் காரணம் நான். நானும், நான் கடையில் கொண்டுவந்த பைச் சட்டமும்.

பிளாஸ்டிக் கவர் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லி வருஷக்கணக்கில் ஆன பிறகும் கல்லாவுக்கு அடியில் ஒரு கட்டு ஒளித்து வைத்திருந்தவள்தான் நானும். பொய் சொல்வானேன். போன ஐப்பசி மழையில் கடை வாசல் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் படியேறி உள்ளே வந்து அரிசி மூட்டையைத் தொட்டது. கால்வாயைக் குத்திவிட வந்த துப்புரவுக்காரப் பெண், கம்பியை விட்டு இழுத்து இழுத்துப் போட்டாள். வந்ததெல்லாம் கவர். அதிலும் சிவப்புக் கோடு போட்ட எங்கள் கடைக் கவர்.

"நீ குட்த்ததெல்லாம் உன்னாண்டயே திரும்பி வந்துகீதுக்கா. எண்ணிப் பாத்து எட்து வெச்சுக்கோ" என்றாள்.

மறுநாளே ஒரு அட்டை எழுதி மாட்டினேன். 'கவர் கிடையாது. துணிப்பை ஐந்து ரூபாய். வீட்டிலிருந்து பை கொண்டு வந்தால் அந்த ஐந்து ரூபாய் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கும்.' என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "கடைய மூட இத்தினி எயுதணுமா? ஷட்டர எறக்கினாப் பத்தாது?" என்றார்.

முதல் வாரம் நான் கேட்காத பேச்சு இல்லை. "தராசுல ஏத்தி எறக்கறதுக்குக் கூலி எவ்ளோ?" என்று ஒருவர். "கடையில நின்னு மூச்சு வுட்டா அதுக்குத் தனியா பில்லு போடுவியா?" என்று இன்னொருவர். ஆனால் பேசினவர்கள் யாரும் கடையை விட்டுப் போகவில்லை, பையும் வாங்கவில்லை. ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தக்காளியை அதில் நிரப்பிக்கொண்டு, "தலைக்குன்னு வாங்கனது, இப்பதான் ஒயுங்கா யூஸ் ஆவுது" என்றார். ஒரு அம்மா நாலடுக்கு டிபன் கேரியரோடு வந்து ரவை, பருப்பு, சர்க்கரை, மிளகாய் என்று அடுக்கடுக்காக வாங்கி மூடினாள். மடித்துக் கட்டிய லுங்கியில் உருளைக்கிழங்கை வாரிக்கொண்டு போன ஒருவருக்குத் தெருமுனையில் போன் வந்தது. இரண்டு கையாலும் எடுத்துப் பேசினார். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

மாமா மட்டும் கோபித்துக்கொண்டார். "உன் மாமனாரு அரைக் கிலோ வெல்லம் வாங்கினாலே தின்னுக்கினு போன்னு கையில ஒரு துண்டு குடுப்பாரு. நீ பைக்கு அஞ்சு ரூபா கேக்கற. உயிர் போனாலும் உன்னாண்ட பை வாங்கமாட்டேம்மா" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை விரித்துச் சாமான்களைக் கொட்டி மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். அன்று முதல் எட்டு மாதமாக அந்தத் துண்டுதான் அவருக்குப் பை.

பத்து நாளில் ஊர் வழிக்கு வந்துவிட்டது. எப்படி என்றால், எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பை இருந்தது. கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டு ஒரு தாம்பூலப் பை தருவார்கள். மணமக்கள் பெயரும் மண்டபத்தின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில், விருந்தினரை வரவேற்கும் பெரியவர்களின் பெயர்கள். தேங்காய் மறுநாளே சட்னியாகிவிடும். பை மட்டும் பீரோ மேலேயும், கதவுக்குப் பின்னாலும், இன்னொரு பைக்குள்ளேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தனையும் இப்போது கடைத்தெருவுக்கு வந்தன. தாலி கட்டி இரண்டு குழந்தை பெற்றவர்கள் எல்லாம் புது மாப்பிள்ளை, புதுப் பெண்ணாக என் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

எனக்குப் பொழுது போனதே அதில்தான். பையைப் படித்தால் யார் யாருக்குச் சொந்தம், யாரை யார் அழைத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துபோகும். எனக்குத் தெரிந்தால் பரவாயில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரிந்துபோனதுதான் பேஜார். "ஏம்மா, இந்தக் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்ட்டாங்களா? எதுத்த வூட்ல கீற என்னைக் கூப்டலியே!" என்று இரண்டு தடவை என் தராசுக்கு முன்னாலேயே சண்டை நடந்திருக்கிறது.

மிஞ்சின பைகளைச் சிலர் என்னிடமே கொடுத்தார்கள். ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கும் கொக்கிகளில் அவற்றை மாட்டி, 'பை மறந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மறக்காமல் திருப்பிக் கொண்டுவரவும்' என்று இன்னொரு அட்டை எழுதினேன். இரவல் பைக்குக் காசு கிடையாது. பெரும்பாலும் திரும்பி வந்தன. சில பைகள் போகும்போது ஒன்றாகப் போய் வரும்போது இரண்டாக வந்தன.

இனி மாமாவின் வருத்தத்துக்கு வருகிறேன். அவருக்கு ஒரே தம்பி. வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காஞ்சிபுரம் பக்கத்து ஐயங்கார்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவர். தம்பியின் மகள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது மாமா வீட்டில் தங்கித்தான். அந்தப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது வீட்டுக்கு மூத்தவருக்கு என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டில் பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். மாமாவுக்கு வந்தது போனில் ஒரு படம்.

"கரண்டு பில்லு வர்ற போன்ல கல்யாணப் பத்திரிகை வர்து. நான் இன்னா அவங்கூடப் பொறந்தவனா, இல்ல கஸ்டமரா?" என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் கேட்டார். அந்தப் படத்தை அவர் திறக்கவே இல்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. முகூர்த்தத்தன்று கழனிக்குப் போய், தண்ணீரே வேண்டாத பயிருக்கு மத்தியானம் வரை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றார். தம்பி வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். அண்ணன் தம்பி உறவு அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அன்று காலையில் அவர் வந்தபோது தோளில் துண்டைக் காணோம். "தொவைச்சுப் போட்டுகீது" என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக மாமா பை இல்லாமல் மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கூட்டம் வேறு. கைக்கு எட்டின கொக்கியிலிருந்து ஒரு பையை எடுத்துச் சாமானைப் போட்டு, "இரவல்தான் மாமா, காசு வாணாம்" என்று நீட்டினேன். ஊரார் பையெல்லாம் படிக்கிற நான் அந்த ஒரு பையைப் படிக்கவில்லை. கண்ணாடி கொண்டுவராத மாமாவும் படிக்கவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் படித்துவிட்டார்கள்.

"இன்னாபா, கல்யாணத்துக்குப் போவமாட்டேன்னு ஊர்ல கீற பம்புசெட்டுக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்த, தாம்பூலப் பை மட்டும் கையில கீது?" என்று ஆரம்பித்தாராம் ஒருவர். "பின்பக்கமா பூந்து பந்தில குந்திட்டு வந்துட்டாரு. வடை எப்டி மாமா, முறுவலா இருந்துதா?" என்றாராம் அடுத்தவர். மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். அப்படி வந்து கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"தெரியாம நடந்துடுச்சு மாமா, சத்தியமா நான் பாக்கல" என்றேன்.

"பாத்தியோ பாக்கலியோ, அவன் வூட்டுப் பை எனக்கு வாணாம். வேற பையில மாத்து." சட்டைப் பையில் கையை விட்டு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கல்லா மேல் அறைந்தார். கடையில் நின்ற அத்தனை பேரும் அந்த நாணயத்தையே பார்த்தார்கள்.

பருப்பையும் உப்பையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காலிப் பையை மடித்தேன். மடிக்கும்போது கீழே இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு மூன்று பெயர்கள்.

"மாமா, இதுல யார் பேரு போட்டுகீதுன்னு பாத்தீங்களா?"

"பாக்கறதுக்கு இன்னா கீது? அவம் பேரு இருக்கும், அவன் சம்சாரம் பேரு இருக்கும்."

"மொத பேரு உங்க பேரு மாமா."

"இன்னாம்மா, சமாதானம் பண்றேன்னு கதை உடறியா?"

ரவை வாங்க நின்றிருந்தார் பெருமாள் கோயில் தெரு டீச்சர். தன் கண்ணாடியைக் கழற்றி மாமாவிடம் நீட்டினார். ரோஸ் நிற பிரேம். மாமா அதை மூக்கில் ஏற்றிக்கொண்டு, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். அப்பா பெயரின் முதலெழுத்தோடு அவர் பெயர். அடுத்தது ஊர்ப் பெயர். அதற்குப் பிறகுதான் தம்பி பெயர்.

"கல்யாணத்துக்கு அழைக்கறதே நீங்கதானே" என்றார் டீச்சர். "தட்டு வைக்கறது வெளி மனுஷாளுக்கு. ஆத்துக்குப் பெரியவருக்கே பத்திரிகை வெச்சு வாங்கோன்னு கூப்பிடுவாளான்னு உங்க தம்பி நினைச்சிருப்பார். எப்படி அச்சாயிருக்குன்னு காட்டத்தான் போன்ல அனுப்பியிருப்பார்."

மாமா மறுபடியும் விரல் வைத்துப் படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "அப்ப ஊரயே வா வான்னு கூப்ட்டுட்டு, கூப்ட்டவன் கயனியில நின்னுக்கினு இருந்துருக்கேனா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ரொம்ப ஆசையாக இருந்தது, இருந்தாலும் சிரிக்கவில்லை.

"வந்தவங்கல்லாம் பெரியப்பா எங்கன்னு கேட்டுருப்பாங்க. அந்தப் பொண்ணு இன்னான்னு பதில் சொல்லிச்சோ." மூக்கு மறுபடியும் சிவந்தது. "இருந்தாலும் அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். வாத்தியாருக்குப் படிச்சவன்தானே? ஆடி எப்ப பொறக்குது?"

"இன்னும் நாலே நாள்தான் மாமா."

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து விருந்துக்கு வருவதானால் அதற்கு முன்னால் வர வேண்டும். மாமா கணக்குப் போடுவது எனக்குப் புரிந்தது.

"உங்கடையில தட்டு கீதா?"

"எவர்சில்வர் தட்டு கீது."

"ஒண்ணு குடு. வெத்தலை, பாக்கு, வாயப்பயம், கல்கண்டு, மஞ்சா குங்குமம். பொண்ணு மாப்ளைய விருந்துக்குக் கூப்புடணும். ஒரு மனுசன எப்டி அழைக்கறதுன்னு அவன் வூட்டுக்கே போயி அவனுக்குக் காட்டறேன்."

எல்லாவற்றையும் எடுத்து, அவர் காசு கொடுத்து வாங்கின புதுப் பையில் போட்டு நீட்டினேன். மாமா அதை அப்படியே கல்லா மேல் கவிழ்த்தார். தட்டிலிருந்து குங்குமம் வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாம்பூலப் பைக்குள் அடுக்கினார்.

"பருப்பு, உப்பு மாமா?"

"கெடக்கட்டும், எங்க போவுது?"

தெருவில் காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மாமா படியிறங்கி ஓடி, நடுத்தெருவில் நின்று கையைக் காட்டினார். பஸ் நின்றது. பெயர் இருக்கிற பக்கம் வெளியே தெரியும்படி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, டீச்சரின் ரோஸ் கண்ணாடியைக் கழற்றாமலே ஏறினார்.