முப்பது படங்கு

சோலைமலையின் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தால் டயகமப் பக்கம் காலைப் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தத்திலேயே நாலு தேயிலைத் தோட்டத்துச் சனமும் வேலைக்கு எழும்பிவிடும். சரி, கொஞ்சம் கூடிப்போச்சு. பக்கத்து வீட்டுப் பூனை எழும்பும், அவ்வளவுதான்.

ஆனால் பத்து வருஷமாகக் கடைவீதியில் இருந்த ஒரே மெஷின் அது. தீபாவளிச் சட்டையோ கல்யாண ரவிக்கையோ, அவனிடம்தான் வந்தாக வேண்டும். ஐம்பத்தேழாம் வருஷம், கொழுந்து பறிக்கும் சிசிலி தன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கையாலேயே படங்கு தைத்து விற்கத் தொடங்கினாள். செடி ஈரம் படாமல் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணிதான் படங்கு. அதில் வெற்றிலை வைக்க ஒரு பையும் வைத்தாள். பெண்கள் மொய்த்தார்கள். கொஞ்ச நாளில் ரவிக்கைத் துணியும் அந்த வாசலுக்கே போயிற்று.

சோலைமலைக்குச் சோறு இறங்கவில்லை.

“மெஷினே இல்லாதவளுக்கு என்னடி இம்புட்டுக் கூட்டம்?”

“ஒன்னு வாங்கிப் பிரிச்சுப் பாருங்களேன்,” என்றாள் மனைவி நாகலெட்சுமி.

“அவகிட்ட நான் வாங்குறதா?”

மாலையில் ரோட்டோரம் நின்று, வேலை விட்டு வரும் பெண்களின் இடுப்பையே உற்றுப் பார்த்தான். வெற்றிலை எடுக்கக் கை எங்கே போகிறது என்று மட்டும் தெரிந்தது.

“அண்ணனுக்குப் புதுசா என்ன சீக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாள் அவர்களில் ஒருத்தியான வீரம்மா.

பார்த்த மட்டில் முப்பது படங்கு தைத்தான். முன்பக்கம், வாய் அகன்ற பை, விலையும் குறைவு. ஒரே நாளில் தீர்ந்தன. அன்றிரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் ஈரச் செடிகளை நெருக்கிக்கொண்டு நடந்த முப்பது பேரின் பைக்குள்ளும் கொழுந்தும் குச்சியும் அட்டைப்பூச்சியும் அடைந்துகொண்டன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அதைக் கண்டார்.

“கொழுந்தத் திருடி மடியிலயா கட்டுறீங்க?”

எல்லோருக்கும் பாதி நாள் சம்பளம்தான். பொழுது சாய்வதற்குள் முப்பது படங்கும் மெஷின்மேல் வந்து விழுந்தன.

“செடிக்குள்ள ஒரு நாளு நின்னிருந்தா தெரியும்ணே. சிசிலியக்கா பைய உள்பக்கம் வச்சு மூடியும் போட்டிருக்கு,” என்றாள் வீரம்மா.

அதற்குப் பிறகு கடைப்படியை யாரும் மிதிக்கவில்லை.

இப்போது அதே கடையில் சிசிலி துணி வெட்டுகிறாள், சோலைமலை தைக்கிறான். வந்தவர்கள் அவளைச் சுற்றியே நிற்பதை ஊசி ஓட ஓட ஓரக்கண்ணால் பார்ப்பான். நுவரெலியாவிலிருந்து வந்த துணி வியாபாரியிடம் ஒருநாள் சொன்னான்:

“பாவம், கையால தச்சுக் கஷ்டப்பட்டுச்சு. நான்தான் கடையில சேத்துக்கிட்டேன்.”

பொத்தான் வைத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி தலை நிமிராமலே சொன்னாள்:

“சேத்துக்கிட்டது சிசிலியக்காதாங்க. இவரு மெஷின விக்கச் சாக்குல கட்டிட்டாரு, நான்தான் அவங்ககிட்டப் போயிக் கேட்டேன். கடை வாடகையும் அவங்கதான் குடுக்குறாங்க.”