காது சிவக்காத கறுப்பையா

கண்டியிலேயே முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டத்தில் படு மோசமான ஆள் யார் என்று ஒரு காலத்தில் கேட்டிருந்தால், எல்லோரும் எங்கள் புடவைக்கடையைத்தான் காட்டியிருப்பார்கள். உள்ளே வந்து பெயர் விசாரிக்கத் தேவையில்லை. கறுப்பையா அண்ணனின் காது சிவக்கும், ஆளைப் பிடித்துவிடலாம்.

அது சாதாரணக் காது இல்லை. கொஞ்சம் பலமாகச் சிவந்தால் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்காரர்கள் சிக்னல் என்று நினைத்து பிரேக் போடுவார்கள்.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இருபத்தாறு வருடமாகக் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து எங்கள் கடையில் துணி விரிக்கிறார். அவர் விரித்ததையெல்லாம் ஒன்றாக நீட்டினால் யாழ்ப்பாணம் வரை போகும். மிச்சத் துணியில் அங்கே இரண்டு கல்யாணப் பந்தலும் போடலாம். நான் அதே கடையில் பார்சல் கட்டுகிறவன்.

மத்தியானம் சோற்றுப் பார்சலை முடித்ததும் பக்கத்துச் செருப்புக்கடை நபீலின் பின்னறைக்குப் போவோம். சப்பாத்துப் பெட்டிகள்தான் மேசை. நானும் அண்ணனும் ஒரு பக்கம். நபீலும் நவரட்ணராஜா ஐயாவும் மறுபக்கம். ஐயா ஓய்வுபெற்ற தபால் அதிபர். உறை பிரிக்காமலே கடிதம் வாசிக்கிற கண் அவருக்கு.

ஆட்டம் இதுதான். இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒருவர் கேட்பார். கேட்டவர் ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். இஸ்கோப்பன், ஆட்டின், டைமன், கலாவரை என்ற நாலு இனத்தில் அது எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் துரும்பைப் போடலாம்; அது எவ்வளவு சின்னதானாலும் வேறு இனத்துப் பெரிய சீட்டை வெட்டிவிடும். சீட்டுகளில் பெரியது ஜாக், அதற்கு முப்பது புள்ளி. ஆகவே துரும்பை மறைக்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன்.

எங்கள் அண்ணன் மறைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். அவர் சீட்டைக் கவிழ்த்ததும் ஐயா பள்ளிக்கூடத்தில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற மாதிரி தொடங்குவார்.

"என்ன கறுப்பையா, இஸ்கோப்பனோ?"

அண்ணன் முகட்டைப் பார்ப்பார்.

"கலாவரையோ? டைமனோ? ஆட்டினோ?"

ஆட்டின் என்றதும் காது தக்காளியாகும்.

"ஓம், ஆட்டின்தான். உம்மட காது தந்தி அடிச்சுப்போட்டுது!"

அண்ணன் என்னென்னவோ செய்து பார்த்தார். கடையில் உடுப்புப் போட்டுப் பார்க்கிற அறையின் கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இறுக்கிப் பழகினார். ஒரு வாடிக்கைக்காரி கதவைத் திறந்து, யாருக்கோ வலிப்பு என்று கத்திவிட்டாள். பிறகு மார்ச் மாத வெயிலில் கம்பளித் தொப்பியால் காதை மூடிக்கொண்டு வந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே வேர்வையில் சீட்டெல்லாம் நனைந்து ராசாவும் ராணியும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் நபீல் சொல்லிவிட்டார். "இது வெளாட்டில்ல அண்ணன், தொறந்த ஊட்டுல களவெடுக்குற மாதிரி. ஒங்கட எடத்துக்கு போன்கடை ஸிபானக் கூப்பிடுவம்."

அண்ணன் கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டி மேல் வைத்தார். பிறகு, "வாற பௌர்ணமிப் போயா லீவுக்கு ஒரே ஒரு ஆட்டம் குடுங்க. தோத்தா இனிமே சீட்டையே தொட மாட்டேன்," என்றார்.

சிரிப்பதற்குத்தான் நான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் அந்த மனுசன் தனக்காக நேரம் எடுத்துக்கொண்டது அந்த மத்தியான அரை மணித்தியாலம் மட்டும்தான்.

அந்தக் கிழமை கலகெதரவிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. எழுபத்திரண்டு சாரி. நான் எண்ணினேன், மடிக்கப்போகிறவன் நானல்லவா? எல்லாவற்றையும் விரிக்க வைத்துவிட்டு, "பொறகு வாறம்" என்று எழுந்தார்கள்.

"வாங்கம்மா, திங்கக்கிழம புதுச் சரக்கு வருதுங்க. பாத்து எறங்குங்க, படி வழுக்கும்," என்றார் அண்ணன். முதல் சாரிக்கு இருந்த அதே சிரிப்பு.

"அண்ணே, உள்ளுக்குள்ள எரியலியா?"

"எரியாம? வயித்துல அடுப்பே வைக்கலாம்டா. அத எதுக்கு அவங்களுக்குக் காட்டணும்?"

நான் அவர் காதைப் பார்த்தேன். வெறும் காது! சிவப்பே இல்லை.

"அண்ணே! இங்க மறைக்கிறீங்களே, அங்க ஏன் முடியல?"

"இங்க அவங்க மூஞ்சியப் பாத்துகிட்டிருக்கேன். அங்க என் சீட்டையே நெனச்சிகிட்டிருக்கேன்," என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார்.

அன்றிலிருந்து அவருக்குக் கடைதான் ஆட்டப் பள்ளிக்கூடம். வருகிறவர்களைப் பார்த்து, "இந்தம்மா வாங்க மாட்டாங்க, விரல் துணியில படல", "இவரு வாங்குவாரு, வெல கேட்டுட்டு தூரப் பாக்குறாரு" என்று என் காதில் ஓதுவார். முதல் நாள் பத்தில் நாலு சரி. போயாவுக்கு முந்தின நாள் பத்தில் ஒன்பது. பத்தாவது ஆள் வாங்க வரவில்லை, மழைக்கு ஒதுங்கினவர்.

போயா அன்று எல்லாக் கடையும் பூட்டு. பின்னறையில் நாலு பேர். மொத்தமே முந்நூற்று நாலு புள்ளி, அதில் அண்ணன் இருநூறு கேட்டார். எனக்கு நெஞ்சு செருப்புப் பெட்டிக்குள் விழுந்தது. சீட்டைக் கவிழ்த்தார். ஐயா இடாப்பைத் தொடங்கினார்.

"இஸ்கோப்பனோ?"

"இருக்கலாம் சார்." கடைச் சிரிப்பு.

"ஆட்டினோ?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கும் சார்." அதே சிரிப்பு.

"டைமனோ? கலாவரையோ?"

"சார் எது சொன்னாலும் சரிங்க."

காதைப் பார்த்தார் ஐயா. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அண்ணனோ ஐயாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நாலு சீட்டு மிச்சம் இருக்கும்போது அந்த விரல் ஒரு சீட்டின் மேல் போய்ப் போய் வந்தது. அது கலாவரை ஜாக் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துரும்பும் கலாவரை என்றால் அதை யாராலும் அசைக்க முடியாது. வேறு இனம் என்றால் வெட்டுப்படும்.

அண்ணன் கவிழ்த்த சீட்டை மெல்லத் தடவி, ஐயாவின் விரலைப் பார்த்து, சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டார். தன் துரும்பு இனத்து ஜாக் ஐயாவிடம் இருக்கிறதென்று கண்டு கவலைப்படுகிற மாதிரி.

"பிடிபட்டீர்! கலாவரைதான்!" என்று ஐயா ஜாக்கை அறைந்து போட்டார்.

"இல்லீங்க சார்." கையில் கலாவரையே இல்லாத அண்ணன் கவிழ்த்த சீட்டைத் திருப்பினார். ஆட்டின். வெட்டு! அந்த முப்பதோடு எங்கள் இருநூறு நிறைந்து வழிந்தது.

நபீல் எழுந்து நின்று, "மாஷா அல்லாஹ்!" என்றார். நான் போட்ட கூச்சலில் பேராதனைப் பூங்காவில் வௌவால்கள் பகலிலேயே பறந்திருக்கும்.

ஐயா மட்டும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தபால் கந்தோரில முப்பத்தஞ்சு வருசம் ஒருத்தரும் என்னை ஏமாத்தேல்ல, கறுப்பையா," என்றார். பிறகு கையை நீட்டினார். "நாளைக்கு என்ர பக்கம் இரும்."

"மன்னிக்கணும் சார்," என்றார் அண்ணன். என் முதுகில் ஒரு அடி போட்டார். "நான் தோத்த காலமெல்லாம் இந்தப் பய என் பக்கம்தான் இருந்தான்."

சொல்லிவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்கத் தொடங்கினார். நான் கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.